உஷார்! ராமேஸ்வரம் பக்கம்தானே என்று பிள்ளைகளோடு கிளம்பிவிடாதீர்கள்

அந்தமானுக்கோ மாலத்தீவுக்கோ போவதென்றால் ஆறு மாதத்துக்கு முன்பே வீட்டில் பேச்சு தொடங்கிவிடும். டிக்கெட், இன்ஷூரன்ஸ், சின்னவனுக்குக் காய்ச்சல் மருந்து, பக்கத்தில் ஆஸ்பத்திரி எங்கே, படகில் லைஃப் ஜாக்கெட் உண்டா என்று ஒன்றுவிடாமல் விசாரிப்போம். அதே குடும்பம் ராமேஸ்வரம் என்றால் வெள்ளிக்கிழமை ராத்திரி முடிவெடுத்து, சனிக்கிழமை விடிவதற்குள் காரில் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. "மதுரையிலேர்ந்து மூணு மணி நேரம். கோயில், கடல், பாலம் எல்லாம் ஒரே இடத்துல. இதுக்கு என்ன பிளான் வேண்டிக்கிடக்கு?"

வேண்டிக்கிடக்கிறது. பாம்பன் பாலத்தைத் தாண்டிய நிமிடம் நீங்கள் இருப்பது ஒரு தீவில். வெளியே வர ஒரு சாலைப் பாலம், ஒரு ரயில் பாலம், அவ்வளவுதான் வழி. ஊரில் அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 55 கிலோமீட்டர். தீவின் கடைக்கோடியான அரிச்சல்முனையில் ஏதாவது ஆகிவிட்டால் அதோடு இன்னும் 20 கிலோமீட்டரைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

போகாதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் பார்த்தே ஆக வேண்டிய தீவு அது. ஆனால், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் சில முடிவுகளை வீட்டிலேயே எடுத்துவிட்டுக் கிளம்புங்கள். கடலைப் பார்த்துத் துள்ளிக் குதிக்கும் பிள்ளையிடம் அந்த இடத்தில் வைத்து "வேண்டாம்" என்று சொல்ல எந்தப் பெற்றோருக்கும் மனசு வராது.

லீவும் கடல் சீற்றமும் சேர்ந்தே வரும்

நம் பள்ளிகளுக்கு மூன்று பெரிய விடுமுறை. காலாண்டு செப்டம்பர் கடைசியில், அரையாண்டு டிசம்பர் கடைசியில், முழு ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில். ராமேஸ்வரத்தில் குடும்பங்கள் அலைமோதுவதும் இந்தச் சமயங்களில்தான். கடலின் பருவத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் திக்கென்று இருக்கிறது.

தீவுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் உள்ளூரில் சொல்வார்கள். "பெண் கடல் சாது சார், பிள்ளைங்கள தாராளமா இறக்கலாம்" என்று ஆட்டோக்காரரில் தொடங்கி லாட்ஜ் பையன் வரை ஆறுதல் சொல்வார்கள். வருஷத்தில் பல மாதங்களுக்கு அது உண்மைதான். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் நிலைமை தலைகீழ். அக்டோபரிலிருந்து ஜனவரி வரை வாடைக்காற்று வடக்குக் கரையில் வந்து மோதும். அப்போது சீறுவது அந்தச் சாதுக் கடல்தான். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தெற்குக் கடல் கொந்தளிக்கும், செப்டம்பரிலும் அது முழுக்க அடங்கியிருக்காது. ஆக, காலாண்டு லீவில் ஒரு கரை ஆகாது, அரையாண்டு லீவில் மறு கரை ஆகாது. "போன வருஷம் இதே இடத்துல குளிச்சோமே" என்ற பேச்சு செல்லாது. போன வருஷம் போனது எந்த மாதம் என்று முதலில் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் துடைத்தெடுத்ததும் வருஷக் கடைசியில்தான். பாம்பனிலிருந்து புறப்பட்ட பாசஞ்சர் ரயிலே பயணிகளோடு கடலுக்குள் போனது. அந்த ஊரை மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று பிறகு அரசு அறிவித்தது. இன்றைக்கு நாம் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் இடிந்த தேவாலயம் அந்த இரவின் மிச்சம்.

அன்றைக்கு இல்லாத வசதி இன்றைக்கு இருக்கிறது. பாம்பன் துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்பது டிவியில் ஓடுகிறது. கடலுக்குப் போக வேண்டாம் என்று மீன்வளத் துறை மீனவர்களுக்கு டோக்கன் கொடுப்பதை நிறுத்திவிட்டால், அன்றைக்குக் கடல் உங்களுக்கும் கிடையாது. ஒரு விஷயம்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அப்போது கடல் எப்படி இருந்தாலும் விசைப்படகுகள் கட்டித்தான் கிடக்கும். அதனால் கோடையில் படகுகளைப் பார்த்துக் கடலை எடைபோட முடியாது. கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் நாட்டுப்படகுக்காரரிடம் "அண்ணே, இன்னிக்குக் கடல் எப்படி இருக்கு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். "வேணாம் தம்பி, பிள்ளைகள இறக்காதீங்க" என்று அவர் சொன்னால் அதற்கு மேல் அப்பீல் இல்லை.

கோடையிலாவது நிம்மதியாக இருக்கலாமா என்றால், அங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. அதன் பெயர் கள்ளக்கடல். நம் ஊரில் காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் கிளம்பிய பேரலைகள் சில நாட்கள் பயணம் செய்து இங்கே வந்து சொல்லாமல் கொள்ளாமல் கரையேறும். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரத்தை அடுத்த லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் அலையில் இழுத்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல்சார் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரித்திருந்த நாட்கள் அவை. வளர்ந்த இளைஞர்களுக்கே அந்தக் கதி. புறப்படுவதற்கு முந்தின நாளும், கடற்கரைக்குப் போகும் காலையிலும் இரண்டு முறை எச்சரிக்கையைப் பார்த்துவிடுங்கள். வானிலைச் செய்தியில் மழை இல்லை என்பதோடு நின்றுவிடாதீர்கள். அலை பற்றி என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தேடிப் படியுங்கள்.

அரிச்சல்முனையில் கால்கூட நனைக்க வேண்டாம்

1964 புயலுக்குப் பிறகு அரை நூற்றாண்டுக் காலம் தனுஷ்கோடிக்கு ஒழுங்கான சாலை கிடையாது. மணலிலும் சேற்றிலும் குலுங்கிக் குலுங்கிப் போகும் ஜீப்பும் வேனும்தான். அந்தச் சிரமமே பலரைத் தடுத்தது. 2017ல் தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டது. இப்போது ஏசி காரிலிருந்து இறங்கிச் செருப்பைக் கழற்றுவதற்குள் பிள்ளை தண்ணீரை நோக்கி ஓடுகிறது.

சாலை முடிகிற வட்டத்தில் தூண் ஒன்று நிற்கும். அதற்கு அப்பால் மணல். இரு பக்கமிருந்தும் இரு கடல்கள் வந்து முட்டிக்கொள்ளும் முனை. கரை மெல்லச் சாய்ந்துகொண்டே போகும் மெரினா மாதிரியான இடம் இல்லை இது. மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கும், சட்டென்று சரியும். ஐந்து வயதுப் பிள்ளை கணுக்கால் அளவுத் தண்ணீரில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அலை வந்து முழங்காலைத் தொடுகிறது. பிள்ளை கைதட்டிச் சிரிக்கிறது. அலை திரும்பும்போது குதிகாலுக்கு அடியில் இருக்கும் மணலைச் சுரண்டிக்கொண்டு போகிறது. பிள்ளை நிலை தடுமாறி உட்கார்ந்துவிடுகிறது. அடுத்த அலை வரும்போது முழங்கால் தண்ணீர் பிள்ளைக்குக் கழுத்துத் தண்ணீர். அது திரும்பும்போது சரிவில் பிள்ளையையும் உருட்டிக்கொண்டு போகிறது. இத்தனையும் நீங்கள் போனை எடுத்துக் கேமராவைத் திறக்கும் நேரத்துக்குள் நடந்து முடிந்துவிடும்.

அலையாவது கண்ணுக்குத் தெரிகிறது. மீனவர்கள் நீவாடு என்று சொல்லும் நீரோட்டம் தெரியாது. அந்த முனையில் அது எந்தப் பக்கம் இழுக்கிறது என்று வெளியூர்க்காரர் கரையில் நின்று கணிக்க முடியாது. மேலே அலை அடங்கிக் கண்ணாடியாகத் தெரியும் இடத்தில்தான் அடியில் இழுவை அதிகமாக இருக்கலாம். குளிக்காதீர்கள் என்று எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு அப்படியே கடலில் இறங்குகிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

எனவே காரிலிருந்து இறங்கும்போதே ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். விரலைப் பிடித்தால் ஈரத்தில் நழுவும், மணிக்கட்டைப் பிடியுங்கள். தண்ணீர் வந்து தொடும் கோட்டிலிருந்து நாலைந்து எட்டு தள்ளியே நில்லுங்கள். காலையில் போய்விட்டு வெயில் ஏறுமுன் திரும்புங்கள். இருட்டுவதற்கு முன் போலீஸார் எல்லோரையும் கிளப்பிவிடுவார்கள். அந்தக் கடைசி நேர அவசரத்தில் கூட்டமும் வாகனமும் நெருக்கியடிக்கும்போதுதான் பிள்ளைகள் கைநழுவுவார்கள்.

தண்ணீரில் விளையாடாமல் திரும்பமாட்டோம் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால், பாலத்துக்கு இந்தப் பக்கம் உச்சிப்புளியை அடுத்த அரியமான் கடற்கரை இருக்கிறது. பாக் நீரிணைக் கரை, ஆழம் குறைவு. அதுவும் வாடைக்காற்று இல்லாத மாதங்களில் மட்டும். அங்கேயும் பிள்ளையின் முழங்காலுக்கு மேல் தண்ணீர் கூடாது.

மூழ்கும் பிள்ளை கத்தாது

சினிமாவில் தண்ணீரில் விழுந்தவர் கையை ஆட்டி "காப்பாத்துங்க" என்று கத்துவார். நிஜத்தில் மூழ்கும் குழந்தையிடமிருந்து சத்தமே வராது. வாய் தண்ணீர் மட்டத்தில் மேலும் கீழுமாகப் போய்வரும்போது மூச்சு விடவே நேரம் போதாது, கத்துவதற்கு ஏது? தலை பின்னால் சாய்ந்திருக்கும், கண் கண்ணாடி மாதிரி வெறித்திருக்கும், உடம்பு நிமிர்ந்தபடி இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் விளையாடுவது போலவே தெரியும். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

பெரிய குடும்பமாகப் போனால் பயமில்லை என்று நினைக்கிறோம். அங்கேதான் ஏமாந்துபோகிறோம். அத்தை பார்க்கிறாள் என்று மாமா நினைப்பார், மாமா பார்க்கிறார் என்று தாத்தா நினைப்பார், தாத்தா கடலை வாங்கப் போயிருப்பார். பத்துப் பேர் இருந்தும் பிள்ளையைப் பார்ப்பதற்கு ஆள் இருக்காது. கண் டியூட்டி போடுங்கள். ஒருவருக்குப் பதினைந்து நிமிடம். அந்தப் பதினைந்து நிமிடத்தில் போன் கூடாது, சுண்டல் கூடாது, அரட்டை கூடாது. குடித்தவருக்கு அந்த டியூட்டியே கூடாது. முடிந்ததும் வாய்விட்டுச் சொல்லி ஒப்படையுங்கள். "மாமா, இனிமே ரெண்டு பேரும் உங்க பொறுப்பு." "சரிம்மா, நான் பார்த்துக்கறேன்." பதில் வராமல் நகரக் கூடாது.

நீலம், வெள்ளை, சாம்பல் நிற உடைகள் தண்ணீரில் கலந்து மறைந்துவிடும். ஆரஞ்சு, பளிச் மஞ்சள், ரோஸ் நிறங்களைப் போட்டுவிடுங்கள். காற்று ஊதிய டியூபையும் கைப்பட்டையையும் நம்பவே நம்பாதீர்கள். கரையிலிருந்து கடலைப் பார்த்துக் காற்று அடித்தால் டியூபோடு பிள்ளையையும் தள்ளிக்கொண்டு போய்விடும்.

யாரையாவது கடல் இழுத்துவிட்டால் நீச்சல் தெரியாதவர் பின்னாலேயே குதிக்காதீர்கள். ஒரு உயிருக்கு இரண்டு உயிர் போவது பெரும்பாலும் இப்படித்தான். மூடி இறுக்கிய காலித் தண்ணீர் கேன், டியூப், புடவை, கயிறு என எது கையில் கிடைத்தாலும் வீசுங்கள்; மீனவர்களைக் கூப்பிடுங்கள். தண்ணீரிலிருந்து தூக்கிய குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கப் பார்ப்பதும் மகா தவறு. மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்கவைத்து உடனே வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்க வேண்டும், மார்பை அழுத்தி முதலுதவி செய்ய வேண்டும். ஒருவர் அதைச் செய்யும்போதே இன்னொருவர் 108க்குப் போன் போட வேண்டும். இந்தப் பயிற்சியை ஊரிலேயே கற்றுக்கொள்ளலாம். வீட்டுக்கு ஒருவராவது கற்றிருக்க வேண்டும். பிள்ளை கண் திறந்து அழுதுவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகாமல் லாட்ஜுக்குத் திரும்பாதீர்கள். நுரையீரலில் புகுந்த தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சைத் திணறவைக்கும்.

படகில் ஏறுமுன் ஒரே கேள்வி

2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டுக்குப் பிக்னிக் போன குடும்பங்கள் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2023 மே 7. கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய அந்தப் படகில், ஏற்றக்கூடாத எண்ணிக்கையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு இருட்டிய பிறகு போயிருக்கிறார்கள். இரண்டுமே வீட்டுக்குப் பக்கத்தில் ஒருநாள் சுற்றுலா. இரண்டும் நடந்தது லீவு நாளில்.

ராமேஸ்வரம் தீவில் குந்துகால் பக்கத்திலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறையின் சூழல் சுற்றுலாப் படகு இருக்கிறது. அதில் போங்கள். "நம்ம வல்லத்துல கூட்டிட்டுப் போறேன், பாதி ரேட்டுதான்" என்று யாராவது கூப்பிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே இருக்கும் 21 தீவுகளும் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. அனுமதி இல்லாமல் கால்வைத்தால் சட்டப்படி குற்றம்.

எந்தப் படகானாலும் ஏறுமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "என் பிள்ளை அளவுக்கு லைஃப் ஜாக்கெட் இருக்கா?" பெரியவர்களின் ஜாக்கெட்டைச் சின்னப் பிள்ளைக்கு மாட்டினால், தண்ணீரில் விழும்போது ஜாக்கெட் மேலே மிதக்கும், பிள்ளை கீழே நழுவிவிடும். மாட்டிவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள்; காதைத் தாண்டி ஏறினால் அது பிள்ளைக்கு ஆகாது. பிள்ளை அளவில் இல்லை என்றால் படகு இல்லை. டிக்கெட் காசு போனால் போகட்டும்.

கோயிலுக்குள் செல்போன் கிடையாது, ஞாபகமிருக்கட்டும்

கடலில் எச்சரிக்கையாக இருந்த குடும்பம் கோயிலில் கோட்டைவிடுவது உண்டு. ராமநாதசுவாமி கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை. வெளியே கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அதாவது உள்ளே பிள்ளை காணாமல் போனால், கணவனும் மனைவியும்கூட ஒருவரையொருவர் கூப்பிட முடியாது. மூன்றாம் பிராகாரத்தில் 1212 தூண்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி தூண், ஒரே மாதிரி நீளம். பெரியவர்களுக்கே எந்த வழியாக வந்தோம் என்று குழம்பும்.

அதோடு 22 தீர்த்த நீராடல். அக்னி தீர்த்தக் கடலில் முங்கிவிட்டு, ஈரத்துணியோடு கிணறு கிணறாக வரிசையில் ஓட வேண்டும். மேலே நின்று வாளியில் இறைத்து ஊற்றுவார்கள். தண்ணீர் தலையில் விழும் அந்த நொடியில் கண்ணை மூடாத ஆள் கிடையாது. கண்ணைத் திறக்கும்போது கூட்டம் அடுத்த கிணற்றை நோக்கி நகர்ந்திருக்கும், பிள்ளையும் அதோடு போயிருக்கும். காலுக்குக் கீழே கல்தரை முழுக்க ஈரம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையை 22 கிணற்றுக்கும் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். ஒருவர் நீராடும்போது இன்னொருவர் பிள்ளையோடு காய்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கட்டும், பிறகு மாறிக்கொள்ளுங்கள். தீர்த்தத்தில் ஒரு சொம்பு பிள்ளையின் தலையில் தெளித்தால் ராமநாதர் ஏற்றுக்கொள்வார்.

கோயிலுக்குக் கிளம்புமுன் செய்ய வேண்டியவை நான்கு. பிள்ளையின் கையில் இரண்டு போன் நம்பர் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா தீர்த்தத்தில் கரைந்துவிடும், அழியாத மார்க்கரால் எழுதுங்கள். உள்ளே யாரிடமும் போன் இருக்காது என்பதால், வெளியே இருக்கும் ஒருவர் நம்பரும் அதில் இருக்க வேண்டும். அன்றைக்குப் போட்ட உடையோடு பிள்ளையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் பிரிந்துவிட்டால் எங்கே சேர்வது என்று ஒரு இடம் பேசிவிடுங்கள். பிள்ளையிடம், "நீ நின்ன இடத்துலேயே நில்லு, போலீஸ்கிட்டயோ கோயில் ஊழியர்கிட்டயோ மட்டும் பேசு" என்று சொல்லிக்கொடுங்கள்.

நீராடிய ஈரத்துணியோடு சன்னதிக்குப் போக முடியாது, மாற்ற வேண்டும். அதற்கும் உஷார் தேவை. 2024 டிசம்பரில் அக்னி தீர்த்தக் கடற்கரை அருகே தனியார் உடை மாற்றும் அறையில் ரகசிய கேமரா கண்டுபிடிக்கப்பட்டு இரண்டு பேர் கைதானார்கள். துணிந்து போலீஸில் சொன்ன ஒரு பெண் பக்தரால்தான் அது வெளியே வந்தது. முடிந்தவரை தங்கியிருக்கும் அறைக்கே போய் மாற்றுங்கள். முடியாவிட்டால் சுவரில் பதித்த டைல்ஸ் இடுக்கு, மேலே சுவிட்ச் பாக்ஸ், கொக்கி, ஓட்டை எல்லாவற்றையும் ஒரு முறை பார்த்துவிட்டுத் துண்டை மேலே போர்த்திக்கொண்டு மாற்றுங்கள். பெண் பிள்ளைகளை மட்டும் தனியாக உள்ளே அனுப்ப வேண்டாம். சந்தேகம் என்றால் அங்கேயே போலீஸைக் கூப்பிடுங்கள்.

வெயில், தண்ணீர், வயிறு

ராமேஸ்வரத்தைத் தாண்டித் தனுஷ்கோடிப் பக்கம் போனால் நிழல் அபூர்வம். வெள்ளை மணலிலும் தண்ணீரிலும் பட்ட வெயில் கீழிருந்தும் அடிக்கும். காற்று ஓயாமல் வீசுவதால் சூடே தெரியாது. பிள்ளை சுருண்டு படுத்த பிறகுதான் நமக்கு உறைக்கும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தையை அந்த வெயிலுக்குக் கொண்டுபோகவே வேண்டாம். "தூங்குறான், கார்லயே இருக்கட்டும்" என்று ஜன்னலை ஏற்றிவிட்டு இறங்குவது கொலைக்குச் சமம். ஐந்து நிமிடமானாலும் கூடாது.

ஆளுக்கு ஒரு பாட்டில் என்ற கணக்கு போதாது, காரில் ஒரு கேன் நல்ல தண்ணீர் இருக்க வேண்டும். பையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நாலைந்து. ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும். பாதிப் பொடியை டம்ளரில் போட்டுக் கொடுப்பது பலனுக்குப் பதில் கெடுதல் செய்யும். ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டு அட்டைப் பெட்டியில் விற்ற இனிப்புப் பானங்கள் அந்த மருந்தே இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலாவில் இல்லாத பானங்களில் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டிருக்கிறது. மருந்துக் கடையில் பொடியாகவே கேட்டு வாங்குங்கள். பிள்ளைக்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகளை, டாக்டர் எழுதிய அளவுச் சீட்டோடு எடுத்துப்போங்கள்.

கரையில் கிடப்பதெல்லாம் பொம்மை இல்லை

சொறி என்று மீனவர்கள் சொல்லும் ஜெல்லி மீன் கரையில் செத்துக் கிடந்தாலும் கொட்டும். பட்டுவிட்டால் மணலைப் போட்டுத் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். கடல் தண்ணீரால் அலசி, ஒட்டிய இழைகளை வெறும் கை படாமல் எடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கூம்பு வடிவத்தில் அழகான கோலம் போட்ட சங்கு கிடைத்தால் பிள்ளை சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும். உள்ளே உயிர் இருந்தால் அது விஷ ஊசியால் குத்தக்கூடிய பிராணி. "பார், தொடாதே" என்பதுதான் கடற்கரையில் சட்டம். பவளத் துண்டு, கடல்குதிரை போன்றவற்றை எடுத்துவருவதோ வாங்கிவருவதோ 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

அறை, சாலை, பாலம்

லீவு நாளில் அறை கிடைக்காது என்ற பதற்றத்தில்தான் போலி வெப்சைட்டுகள் பிழைக்கின்றன. கோயில் விடுதி, கடலோர ரிசார்ட் என்று அழகான படம் போட்டு, முழுப் பணத்தையும் ஜிபேயில் கேட்டுவிட்டுக் காணாமல் போவார்கள். கைக்குழந்தையோடு நடுராத்திரியில் போய் இறங்கி, அறை இல்லை என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள்? கூகுளில் முதலில் வரும் நம்பரை நம்பாமல், விடுதிக்கு நேரடியாகப் பேசிப் பதிவு நம்பரை உறுதிசெய்யுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்றப் புகார் எண் 1930க்குப் போன் போடுங்கள்.

சென்னையிலிருந்து ராத்திரி முழுக்க ஓட்டிவந்து, குளித்துவிட்டு நேராகக் கடலுக்கு இறங்கும் வழக்கத்தையும் விடுங்கள். தூக்கம் கெட்ட டிரைவரும் தூக்கம் கெட்ட பிள்ளைகளும் ஒரே வண்டியில் இருப்பது ஆபத்து. முதல் நாள் தூங்குவதற்கு. பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்திப் பிள்ளையைக் கைப்பிடிச் சுவரில் ஏற்றி உட்காரவைத்து, 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலத்தைக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு பக்கம் பேருந்து, ஒரு பக்கம் கடல், நடுவில் பேய்க்காற்று. ரயிலில் போனால் அந்தப் பாலத்தின் மேலேயே பத்திரமாகக் கடலைப் பார்க்கலாம்.

இந்த எண்களை இப்போதே போனில் ஏற்றுங்கள்

ஆம்புலன்ஸ் 108. எந்த அவசரமானாலும் 112. கடலோரப் பாதுகாப்புப் போலீஸ் 1093. கடலோரக் காவல்படை 1554. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077. குழந்தைகள் உதவி 1098. அவசர நேரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது. தனுஷ்கோடிப் பக்கம் இலங்கை டவர் போனைப் பிடித்துக்கொள்ளும். ரோமிங்கை அணைத்துவைத்துவிட்டுப் போங்கள்.

அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, மாமா, அத்தை எல்லோரும் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி பத்து நிமிடம் உட்காருங்கள். எந்தக் கரைக்குப் போவது, யார் எந்தப் பிள்ளையைப் பிடிப்பது, எதற்கு முடியாது என்று சொல்வது என்பதைப் பேசி முடியுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே பேசுங்கள். வீட்டில் கேட்ட "வேண்டாம்" அங்கே அழுகையாக மாறாது. இந்தப் பத்து நிமிடத்துக்கு உங்கள் வீட்டில் நேரம் இல்லையென்றால் இந்த லீவுக்கு ராமேஸ்வரம் வேண்டாம். அடுத்த லீவுக்குப் போய்க்கொள்ளலாம்.